தோட்டத்து ஓடையில் நுண்நெகிழியைத் தேடிப் பார்ப்பது எப்படி?

5 மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துணுக்குகளை நுண்நெகிழி என்கிறோம். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இது பரவலாகப் பேசப்படலாயிற்று. அதன்பின் வந்த செய்திகளில் பெரும்பாலானவை கடலையும் ஆமையையும் மீனையும் பற்றியவை. ஆகவே மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது வேறு யாருடைய சிக்கலோ என்று தோன்றிவிடுகிறது. ஆனால் கடலுக்கு நெகிழியைச் சுமந்து செல்பவை ஆறுகள். அந்த ஆறுகளுக்குச் சுமந்து வருபவை லயத்து வீடுகளின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறக் கால்வாய்களும், தோட்டத்து வாய்க்கால்களும், தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளின் ஓரத்து மழைநீர் வடிகால்களுமே.

சிலாங்கூர் மாநிலத்தில், பழையவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவை எடுத்துக்கொள்வோம். அவ்வழியே ஓடும் சிலாங்கூர் ஆறு, கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரங்களைக் கடந்து கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது. கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கும் இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. இப்படிப்பட்ட ஒரு தோட்டப் பட்டணத்தில் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகமோ, கோயில் இளைஞர் மன்றமோ, ஆர்வமுள்ள ஒரு குடும்பமோ தங்கள் ஓடையில் என்ன மிதந்து போகிறது என்பதைத் தாமே பார்த்தறியும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடம் தரும் துல்லியமான எண்ணிக்கை இம்முறையில் கிடைக்காது. அது நமக்குத் தேவையும் இல்லை. கிடைக்கும் துணுக்கின் வடிவத்தைப் பார்த்து அது எந்தப் பொருளிலிருந்து, யார் கையிலிருந்து உடைந்து வந்தது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. பெருநகரத்து ஆற்றில் இது ஏறக்குறைய இயலாத காரியம். தோட்டப் பட்டணத்தில் புழங்கும் நெகிழிப் பொருள்களோ எண்ணிச் சொல்லக்கூடிய அளவிலேயே இருப்பதால், துணுக்கைப் பார்த்தவுடன் அதன் தாய்ப்பொருளைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

இடமும் நேரமும்

ஒரே ஓடையில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது, வீடுகளுக்கு மேலே, தோட்டத்துத் தண்ணீர் மட்டும் வந்து சேரும் இடம். இரண்டாவது, லயத்து வீடுகளையோ தாமானையோ தாண்டிய இடம். மூன்றாவது, ஓடை ஆற்றில் கலப்பதற்குச் சற்று முன்னுள்ள இடம். இந்த மூன்றுக்கும் இடையே தெரியும் வேறுபாடுதான் உங்கள் ஆய்வின் உயிர். ஓரிடத்தில் மட்டும் எடுத்த தண்ணீர், நெகிழி இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. கடலுக்கு அருகில், ஏற்றவற்றம் எட்டும் பகுதியில் இருப்பவர்கள் தண்ணீர் வற்றும் நேரத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். ஏற்றத்தின்போது எடுத்தால் கீழிருந்து மேலேறி வந்த குப்பையை உங்கள் ஊரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. சில நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை, சாலையோரத் தூசியையும் குப்பை எரித்த சாம்பலையும் ஒருசேர வழித்துக்கொண்டு வரும். எனவே மழையில்லாத நாளில் ஒருமுறையும், மழை நின்று வெள்ளம் தணிந்த மறுநாள் காலையில் ஒருமுறையும் எடுப்பது நல்லது. மழை பெய்துகொண்டிருக்கும்போது எக்காரணம் கொண்டும் ஓடையில் இறங்கக் கூடாது. களைக்கொல்லி தெளித்த வயக்காட்டுப் பக்கமும் அன்றும் மறுநாளும் போக வேண்டாம். செம்பனைத் தோட்டங்களில் எலி மிகுதி என்பதால் அங்குள்ள தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்சும் கையுறையும் கட்டாயம் வேண்டும், காலில் புண் இருப்பவர்கள் கரையிலேயே நிற்க வேண்டும். தோட்டத்து எல்லைக்குள் நுழைவதற்கு நிர்வாகியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்றுவிடுங்கள். பின்னால் முடிவுகளை அவரிடமே கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதால், இந்த முதல் கடிதம் வெறும் சம்பிரதாயம் அன்று.

உடையும் கருவிகளும்

இந்த வேலையில் பலரும் தவறவிடுவது உடைதான். பாலியெஸ்டர் சட்டையிலிருந்து உதிரும் இழைகள் காற்றில் பறந்து உங்கள் புட்டியிலேயே வந்து விழும்; பிறகு ஓடையில் கண்டுபிடித்ததாக நீங்கள் எண்ணுவது உங்கள் சட்டையைத்தான். நம் இளைஞர்கள் வேலைக்கும் விளையாட்டுக்கும் உறக்கத்துக்கும் காற்பந்து ஜெர்சியையே அணிபவர்கள். அன்று ஒரு நாளாவது அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பருத்திச் சட்டை அணிந்து வரச் சொல்லுங்கள். எல்லாரும் ஆரஞ்சு போன்ற ஒரே பளிச்சென்ற நிறத்தில் அணிந்தால் இன்னும் நல்லது. அந்த நிறத்து இழை எங்கே தென்பட்டாலும் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

கருவிகளில் நெகிழி இருக்கக் கூடாது. 10 லிட்டர் எவர்சில்வர் வாளி ஒன்று, உலோக மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள், புட்டியின் வாயை மூட அலுமினியத் தாள், எவர்சில்வர் கம்பிவலைச் சல்லடை, காப்பி வடிகட்டும் வெள்ளைக் காகிதம், இடுக்கி, ஊசி, பள்ளியின் நுண்நோக்கி அல்லது கைப்பேசியில் மாட்டும் உருப்பெருக்கி ஆகியவை போதும். ஆய்வாளர்கள் நீர்ப்பரப்பில் இழுத்துச் செல்லும் வலைகளின் கண் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; உங்கள் சல்லடையும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கட்டும். காப்பிக் கடைகளில் பயன்படுத்தும் துணி வடிகட்டி வேண்டாம். அதுவே இழைகளை உதிர்க்கும். எல்லாப் பாத்திரங்களையும், காகிதத்தில் இருமுறை வடிகட்டிய தண்ணீரால் கழுவி, பயன்படுத்தும் நொடி வரை அலுமினியத் தாளால் மூடி வையுங்கள்.

தண்ணீரும் சேறும் எடுத்தல்

ஓடையில் நீரோட்டத்தை எதிர்நோக்கி, முடிந்தவரை காற்றையும் எதிர்நோக்கி நில்லுங்கள். காலால் கலங்கிய சேறு வாளிக்குள் வராதபடி முன்பக்கம் கை நீட்டி மேற்பரப்புத் தண்ணீரை முகந்து, சல்லடையில் மெதுவாக ஊற்றுங்கள். இவ்வாறு 10 வாளி ஊற்றினால் 100 லிட்டர் ஆகும். சல்லடையில் தங்கியவற்றை வடிகட்டிய தண்ணீரால் பின்பக்கத்திலிருந்து அலசிக் கண்ணாடிப் புட்டியில் இறக்கி மூடுங்கள். மரக்குச்சி, இலை போன்ற பெரியவற்றைப் புட்டிக்கு மேலேயே பிடித்து அலசிய பிறகுதான் எறிய வேண்டும்.

அதே நேரத்தில், வடிகட்டிய தண்ணீர் நிரம்பிய இன்னொரு புட்டியை மூடியைத் திறந்தபடி பக்கத்தில் வைத்திருங்கள். இதை வெற்றுப் புட்டி என்று அழைப்போம். ஓடைத் தண்ணீருக்குச் செய்யும் ஒவ்வொரு வேலையையும் இதற்கும் செய்ய வேண்டும். காற்றிலிருந்தும் உங்கள் கைகளிலிருந்தும் எத்தனை இழைகள் விழுகின்றன என்பதை இதுதான் காட்டிக்கொடுக்கும். ஓடைப் புட்டியில் 8 இழைகளும் வெற்றுப் புட்டியில் 6 இழைகளும் கிடைத்தால், அந்த ஓடையின் இழைகளைப் பற்றி உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்பதே நேர்மையான முடிவு. வெற்றுப் புட்டி இல்லாத ஆய்வை யாரிடமும் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

சேற்றை எடுப்பதற்கு உலோகக் கரண்டியால் கரையோரம் மேலடுக்கில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் வழியுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, நன்றாக உலரவிட்டு, 250 கிராம் எடை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 350 கிராம் உப்பைக் கரைத்தால், அதற்கு மேல் கரையாத நிலையை நெருங்கும். அந்தக் கரைசலின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறக்குறைய 1.2 மடங்கு இருக்கும். உப்பிலேயே நுண்நெகிழி இருக்கக்கூடும் என்பதால் இக்கரைசலையும் காகிதத்தில் வடிகட்டியாக வேண்டும். மலேசியப் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளிலிருந்து வந்த 17 வகைக் கடை உப்புகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றில் நுண்நெகிழி காணப்பட்டது.

உலர்ந்த மண்ணை இந்தக் கரைசலில் இட்டுக் கலக்கி, மூடி, ஓர் இரவு அசையாமல் விட்டால், மண் அடியில் தங்கிவிடும். பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன், நைலான் ஆகியவை மேலே மிதக்கும். மேற்பகுதியை மட்டும் மெல்லச் சாய்த்துக் காகிதத்தில் வடிகட்டுங்கள். துணிகளிலும் குடிநீர்ப் புட்டிகளிலும் உள்ள பாலியெஸ்டரும், தண்ணீர்க் குழாய்களில் உள்ள பிவிசியும் அடர்த்தி கூடியவை என்பதால் இந்த உப்புநீரில் மிதக்காது. ஆகவே சேற்றில் துணி இழை குறைவாகக் கிடைத்தால், அது அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிஞ்சிய உப்புநீரைச் செடிகளுக்கோ வாய்க்காலுக்கோ ஊற்றாமல், கழிப்பறையில் தண்ணீரோடு கலந்து விடுங்கள்.

கண்டதை அறிந்துகொள்ளுதல்

ஓடைப் புட்டியிலும் வெற்றுப் புட்டியிலும் உள்ளதையும் அவ்வாறே தனித்தனிக் காகிதத்தில் வடிகட்டுங்கள். வடிகட்டிய காகிதத்தை மூடிய கண்ணாடித் தட்டில் உலரவைத்து, பென்சிலால் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நுண்நோக்கியில் பாருங்கள். செடியின் பகுதியாக இருந்தால் உயிரணுக்களின் அமைப்போ நரம்போ தெரியும், நெகிழியில் தெரியாது. நெகிழி இழை முழு நீளத்துக்கும் ஒரே தடிமனாகவும், நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராகவும் இருக்கும். ஐயம் எழுந்தால் பெரியவர் ஒருவர் ஊசி முனையைச் சூடாக்கித் துணுக்கைத் தொட்டுப் பார்க்கலாம்: நெகிழியாக இருந்தால் இளகிச் சுருளும் அல்லது ஊசியில் ஒட்டும், செடிநார் கருகும், முடியாக இருந்தால் முடி பொசுங்கும் வாடை வரும். இதைச் சன்னல்கள் திறந்த அறையில் செய்ய வேண்டும்.

தோட்டப் பகுதியில் ஏமாற்றக்கூடியவை இரண்டு. செம்பனைப் பழத்தின் நாரும், பழம் உதிர்த்தபின் மரத்தடியில் பரப்பும் வெறுங்குலையின் நாரும் பழுப்பு நிற இழைகளாக ஏராளமாக வரும்; அவற்றின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், முனை பிய்ந்திருக்கும். ரப்பர் மரங்கள் எஞ்சியுள்ள இடங்களில் உறைந்த பால்துணுக்குகள் வரலாம். இழுத்தால் நீண்டு மீண்டும் சுருங்கும். இவை இரண்டும் நெகிழிக் கணக்கில் சேரா. லோரி டயரும் மோட்டார் டயரும் சாலையில் தேய்ந்து வரும் கரிய துகள்களோ கணக்கில் சேரும், ஏனெனில் டயரில் மரத்துப் பாலோடு செயற்கை ரப்பரும் கலந்திருக்கிறது. ஆனால் அவை மிகச் சிறியவை. பெரும்பாலும் நம் சல்லடைக்குச் சிக்காமலும் உப்புநீரில் மிதக்காமலும் போய்விடும்.

இனி நெகிழிக்கே வருவோம். நான் மிக அதிகமாக எதிர்பார்க்கச் சொல்வது, இரு விளிம்பும் இணையாக உள்ள, நாடா போன்ற தட்டையான வெள்ளைக் கீற்றுகளை. அவை நீளவாக்கில் பிரிந்து பிரிந்து மெலிந்திருக்கும். பாலிபுரோப்பிலீன் நாடாக்களால் நெய்த உரச்சாக்குதான் அதன் பிறப்பிடம். தோட்டத்தில் அந்தச் சாக்குக்கு ஓய்வே கிடையாது: உரம் காலியானதும் உதிரிப்பழம் பொறுக்க, கோழிக்கூட்டுக்கு மறைப்புக் கட்ட, கீரைப்பாத்திக்கு வேலி போட, சேற்று வழியில் மிதியடியாக விரிக்க என்று வெயிலில் கிடந்து கிடந்து, கையால் தொட்டாலே பொடியாக உதிரும் நிலைக்கு வந்துவிடுகிறது. புறஊதாக் கதிர் இந்த நெகிழியின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துவிடுவதே காரணம். ரஃபியா கயிறும் இதே வகையில் நைந்து வண்ணக் கீற்றுகளாக வரும். கோயில் திருவிழா முடிந்து தோரணங்களை அவிழ்க்காமல் விட்ட தெருக்களுக்குக் கீழே அதைத் தேடிப் பாருங்கள்.

மெல்லிய கரிய ஏடுகள் நாற்றுப்பண்ணையைக் காட்டும். செம்பனைக் கன்றை வளர்க்கும் கரிய பாலித்தீன் பைகளை, நடும்போது கிழித்துக் குழியருகிலேயே போட்டுவிடுவதால் வருபவை அவை. நாற்றுப்பண்ணையைச் சுற்றி இன்னொன்றும் கிடைக்கலாம்: 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில், உருண்டையாக, உள்ளே வெறுமையாக, ஊசியால் அழுத்தினால் சப்பையாகும் ஓடுகள். மெதுவாகக் கரையும் உரமணியின் மேலுறை அது. உரம் கரைந்து போனபின் மேலுறை மட்டும் மண்ணில் தங்கி, மழையில் மிதந்து வாய்க்காலுக்கு வருகிறது. பார்ப்பதற்கு நத்தை முட்டை போலிருப்பதால் பலர் விட்டுவிடுவார்கள். வெண்ணிற நுரைமணிகள் உணவுப் பெட்டியையும் மின்சாதனப் பொட்டலத்தையும், நிறமற்ற மெல்லிய ஏடுகள் கடைப்பையையும், தே தாரிக் என்னும் பால்தேநீரைக் கட்டிக்கொடுக்கும் பையையும் காட்டும். உருகி உறைந்த, கரி படிந்த, வடிவமற்ற துண்டுகள் கிடைத்தால் மேலே எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று பொருள்.

நீலம், கறுப்பு, சிவப்பு நிறச் செயற்கை இழைகள் இரண்டாவது இடத்தில் திடீரெனப் பெருகினால் சலவை இயந்திரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 6 கிலோ துணியை ஒருமுறை துவைத்தால், துணியின் வகையைப் பொறுத்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும் என்று பிளிமத் ஆய்வாளர்கள் 2016-இல் கணித்தனர். அந்த உச்ச எண் அக்ரிலிக் துணிக்கு உரியது, பாலியெஸ்டருக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஊரில் இழைகளில் பெரும்பகுதி அங்கே கசடில் தங்கிவிடும். பழைய லயத்து வீடுகளிலோ இயந்திரம் பின்கட்டில் இருக்கும்; அதன் குழாய் நேரே திறந்த கால்வாயில் விழும்; கால்வாய் ஓடைக்குப் போகும்.

கண்டபின் செய்ய வேண்டியவை

இடம், நாள், கடந்த மூன்று நாள் மழை, எடுத்த அளவு, ஒவ்வொரு வடிவத்திலும் நிறத்திலும் கிடைத்த எண்ணிக்கை, வெற்றுப் புட்டியின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். தண்ணீரை 100 லிட்டருக்கும் சேற்றை உலர்ந்த ஒரு கிலோவுக்கும் கணக்கிடுங்கள். 0.3 மில்லிமீட்டரைவிடச் சிறியவை உங்களுக்குத் தெரியாதவை என்றும் அடியில் குறிப்பிடுங்கள். உடல்நலத்தைப் பற்றி அறிக்கையில் பயமுறுத்த வேண்டாம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022-இல் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்து 17 பேரிடம் நெகிழித் துகளைக் கண்டது உண்மைதான். அது உடலுக்கு எந்த அளவில் எத்தகைய கேட்டைச் செய்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. உங்கள் ஓடை அந்த வினாவுக்கு விடை தராது.

உங்கள் ஓடை விடை தரும் வினா வேறு, அதைக் கொண்டு உரிய ஆளிடம் செல்லுங்கள். சாக்குக் கீற்றும் கரிய ஏடும் உரமணி ஓடும் முதலாவது இடத்திலேயே மிகுதியாக இருந்தால் அது தோட்ட நிர்வாகத்தின் காரியம்: காலிச் சாக்குகளை எண்ணித் திரும்பப் பெற்றுக் கூரைக்கு அடியில் அடுக்குவது, கன்று நடும்போது பையை முழுதாக உரித்து லோரியிலேயே திருப்பி அனுப்புவது, உறையிட்ட உரத்தைப் பையின் மேற்பரப்பில் தூவாமல் மண்ணுக்குள் புதைப்பது ஆகிய மூன்றையும் கேளுங்கள். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை; மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) ஒரு சொல் போதும் என்பதை நிர்வாகியும் அறிவார். துணுக்குகளைக் காகிதத்தில் ஒட்டி, பக்கத்திலேயே அதே சாக்கின் ஒரு துண்டையும் ஒட்டிக் கொண்டுபோனால், படிப்பதற்கு அறிக்கை தேவைப்படாது.

உருகிய துண்டுகள் கிடைத்திருந்தால் பேச வேண்டியது நம் அண்டை வீட்டாரிடம். திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29A பிரிவு தடை செய்கிறது. எனினும் குப்பை லோரி ஒழுங்காக வராத லயத்தில் சட்டத்தை மட்டும் காட்டுவது நியாயம் ஆகாது. லோரி வரும் நாள்களை எழுதி வாங்குவதும், பொதுத்தொட்டி கேட்டு ஊராட்சி மன்றத்துக்கு மனு கொடுப்பதும் முதலில் நடக்க வேண்டும். அதுவரை இலைச்சருகை மட்டும் தனியே குவித்து மக்கவிட்டு, நெகிழியை அதோடு கலக்காமல் சாக்கில் கட்டி மழைபடாமல் வைக்கச் சொல்லலாம்.

இழைகளுக்கு வீட்டிலேயே வழி உண்டு. இயந்திரம் நிறையும் அளவுக்குத் துணி சேர்ந்தபின் குளிர்ந்த நீரில், குறுகிய நேரச் சுற்றில் துவைத்தால் உரசல் குறைந்து இழை உதிர்வதும் குறையும். கடையில் கிடைக்கும் இழைவடிகட்டியை வெளியேற்றும் குழாயில் பொருத்தலாம். எதைப் பொருத்தினாலும் அதில் சேரும் பஞ்சைக் கால்வாயில் அலசாமல், கையால் வழித்துக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். அலசிவிட்டால் வடிகட்டியதே வீண். தே தாரிக்கும் சூடான குழம்பும் வாங்கப் போகும்போது தூக்குச்சட்டி கொண்டுபோகும் பழைய வழக்கத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். சூடு ஏறும்போது நெகிழி உதிர்வது கூடும். 2020-இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் பாலிபுரோப்பிலீன் பால்புட்டிகளில் சோதித்தபோது, தண்ணீரின் வெப்பம் ஏற ஏறத் துகள்களும் பெருகுவதைக் கண்டனர்.

மாற்றம் ஏதேனும் செய்த பிறகு, ஓராண்டு கழித்து, அதே மாதத்தில், அதே மூன்று இடங்களில், அதே சல்லடையோடு மீண்டும் எடுங்கள். சல்லடையை மாற்றினால் இரண்டு கணக்குகளையும் ஒப்பிட முடியாது. முதல் ஆண்டின் காகிதங்களை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து, ஓரத்தை ஒட்டி, இடத்தையும் நாளையும் எழுதிப் பள்ளி அலமாரியில் பாதுகாத்து வையுங்கள்.